வார்டுக்குள் ஒரு வகுப்பறை

காலை ஒன்பது மணியளவில் ஏதாவதொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வார்டுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அதிக நேரம் நின்றிருக்க முடியாது. "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார்" என்று சொல்லி, பார்க்க வந்தவர்களையெல்லாம் வார்டு ஊழியர் வெளியே அனுப்பிவிடுவார். சற்று நேரத்தில் நரைத்த தலையுடன் ஒருவர் முன்னே வர, அவருக்குப் பின்னால் இளம் வயதினர் பதினைந்து இருபது பேர் வெள்ளை மேலங்கியும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வருவார்கள். ஒரு படுக்கையைச் சுற்றி நிற்பார்கள். பெரியவர் ஏதோ கேட்பார். ஒருவர் பதில் சொல்வார், மற்றொருவர் விழிப்பார். படுத்திருப்பவரின் வயிற்றையோ நெஞ்சையோ ஒவ்வொருவராகத் தொட்டும் தட்டியும் பார்ப்பார்கள்.

அது வார்டு மட்டுமன்று, வகுப்பறையும்கூட. கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

இந்தக் காட்சியைப் பற்றி நம் ஊர்களில் ஓர் அச்சம் உண்டு. "அங்கே சேர்க்காதே, படிக்கிற பிள்ளைகள் நம் உடம்பில் பழகிப் பார்ப்பார்கள்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கையில் நாலு காசு இருப்பவர் தனியார் மருத்துவமனையைத் தேடிப் போகிறார். இல்லாதவர் ஓ.பி. சீட்டு வாங்க விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கிறார். ஆக, நாளைய மருத்துவர்கள் தங்கள் தொழிலை யாருடைய உடலில் கற்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஏழைகளின் உடலில்தான்.

மேற்சொன்ன அச்சம் வெறும் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஆனால் அதிலிருந்து நாம் வந்தடையும் முடிவு தவறு என்பதே என் கருத்து. மாணவர்கள் படிக்கிற மருத்துவமனையைத் தவிர்ப்பது வழியன்று. அங்கே படுத்திருப்பவர், தாமே அறியாமல், ஆசிரியர் வேலை பார்க்கிறார். அந்த ஆசிரியருக்கு உரிய குருதட்சிணையைக் கொடுக்கிறோமா என்றுதான் கேட்க வேண்டும். மருந்தும் படுக்கையும் இலவசம், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை.

என் அத்தை ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வலது பாதத்தில் வந்த புண் ஆறாமல் போகவே, ஊருக்கு அருகிலிருந்த நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ். போர்வையை விலக்கி, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள். விலக்கிய போர்வையை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. மதியம் நான் போனபோது அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "என் கால்ல எல்லாரும் பாடம் படிச்சாங்க. எனக்கு என்ன சீக்குன்னு ஒருத்தரும் சொல்லலை. வீட்டுக்குப் போயிடலாம்டா" என்றார். சிகிச்சையில் குறை ஒன்றுமில்லை. தினமும் கட்டு மாற்றினார்கள், ஊசி போட்டார்கள். ஆனாலும் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அவர் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் சில செய்திகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

படுக்கையருகே நின்று மருத்துவம் கற்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஐரோப்பாவில் நெடுங்காலம் பழைய நூல்களை உரக்கப் படித்து விளக்கம் கேட்பதே மருத்துவப் படிப்பாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் போர்ஹாவே என்ற பேராசிரியர், 12 படுக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நோயாளியின் முன்னிலையிலேயே பாடம் நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் அம்முறையை எடின்பரோவுக்கும் வியன்னாவுக்கும் எடுத்துச் சென்றார்கள். நம் சென்னையில், 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய பொது மருத்துவமனையோடு 1835-இல் ஒரு மருத்துவப் பள்ளி சேர்ந்தது. 1850-இல் அது கல்லூரியாயிற்று. இந்த வரிசையைக் கவனியுங்கள். நோயாளி முதலில் இருந்தார். அவரைத் தேடிக்கொண்டு மாணவன் பின்னால் வந்தான்.

இனி, அச்சத்துக்குச் சான்று என்றேனே, அதைப் பார்ப்போம். இடம் வியன்னா நகரின் பொது மருத்துவமனை. காலம் 1840-கள். அங்கே மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இன்று வருகிறவர்கள் இந்தப் பிரிவுக்கு, நாளை வருகிறவர்கள் அந்தப் பிரிவுக்கு என்று முறைவைத்துச் சேர்த்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். பிரசவம் இலவசம், அதற்கு ஈடாக மாணவர்கள் அவர்களைப் பரிசோதித்துக் கற்றுக்கொள்வார்கள்.

1846-ஆம் ஆண்டின் கணக்கு இது. முதல் பிரிவில் 4010 பிரசவங்கள், 459 தாய்மார் மரணம். இரண்டாம் பிரிவில் 3754 பிரசவங்கள், 105 மரணம். பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள். முதலாவதில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். இரண்டாவதில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஒரே கட்டடம், ஒரே நகரம், ஒரே விதமான பெண்கள். மரணத்துக்குக் காரணம் பிரசவக் காய்ச்சல். எதிர்கால டாக்டர்கள் கவனித்த இடத்தில்தான் சாவு நான்கு மடங்கு!

அந்நகரத்துப் பெண்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் பிரிவின் முறைநாளில் வந்துவிட்டோம் என்று அறிந்தால் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு பிறகு உள்ளே வந்தார்கள். வியப்பு என்னவென்றால், தெருவில் பெற்றவர்களுக்கு அந்தக் காய்ச்சல் குறைவாகவே வந்தது.

அங்கே உதவி மருத்துவராக இருந்த செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய இளைஞரை இந்தக் கணக்கு உறுத்தியது. நெரிசல் காரணமா? இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். காற்றா, உணவா? இரண்டுக்கும் ஒன்றே. பெண்கள் படுக்கும் நிலையில் வேறுபாடு இருந்தது. மாற்றிப் பார்த்தார், பயனில்லை. இறப்பவருக்கு வழிபாடு செய்ய வரும் பாதிரியார் முதல் பிரிவு வழியாக மணியடித்துக்கொண்டு போவார். அந்த ஒலி மற்றப் பெண்களைக் கிலிபிடிக்கச் செய்து கொல்கிறதோ என்றுகூட ஐயுற்று, பாதிரியாரை மணியில்லாமல் சுற்று வழியில் போகச் சொல்லிப் பார்த்தார். அதிலும் பயனில்லை. உங்கள் ஆய்வக நோட்டில் "மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்" என்று எழுதியிருக்கிறதே, அதைத்தான் அவர் உயிர்களின் நடுவே நின்று செய்துகொண்டிருந்தார்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெட்ச்கா என்ற பேராசிரியர் இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி தவறுதலாக அவர் விரலைக் கீறியிருந்தது. அவருடைய உடலுக்குள் காணப்பட்ட மாறுதல்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்குப் புரிந்துவிட்டது. மாணவர்கள் காலையில் பிண அறையில் படிக்கிறார்கள். அங்கிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். சோப்பால் கழுவினாலும் கையில் அந்த வாடை போவதில்லை. மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலையே இல்லை.

மே மாத நடுவில், குளோரின் கலந்த நீரில் கைகழுவாமல் எவரும் பிரசவ அறைக்குள் நுழையக்கூடாது என்று ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் இரண்டுக்குச் சற்று மேலாக இறங்கியது. அடுத்த ஆண்டு, 1848-இல், முதல் பிரிவில் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே. இரண்டு பிரிவுகளுக்கும் வேறுபாடே இல்லாமல் போயிற்று. கிருமிகளைப் பற்றிப் பாஸ்டரின் ஆய்வுகள் வெளிவர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த மாணவர்களில் ஒருவராக என்னை வைத்து எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. கற்க வேண்டும் என்ற ஆர்வம் மிகுந்தவன் அதிக நேரம் பிண அறையில் நின்றிருப்பான். அவன் கையில்தான் அதிக நஞ்சும் ஒட்டியிருக்கும். ஆகவே, "படிக்கிற பிள்ளைகள் கையில் சிக்காதே" என்று அஞ்சுகிறவரை நாம் எள்ளி நகையாட முடியாது.

ஆனால் இதே கதைக்கு மறுபக்கம் உண்டு. அதை மக்கள் சொல்வதில்லை. அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்ததும் அதே மருத்துவமனைதான். கற்பிக்கும் இடமாக இருந்ததால்தான் அங்கே ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் ஏட்டில் ஏறின. இருவகை மாணவர்கள் இருந்ததால்தான் ஒப்பிட இரண்டு பிரிவுகள் அமைந்தன. கணக்கு வைக்காத இடத்தில் யார் கையால் யார் இறந்தார் என்பதே தெரியாமல் போயிருக்கும். பாவம், செம்மல்வைஸின் சொல்லைப் பெரிய பேராசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. மருத்துவரின் கை அழுக்கு என்று கேட்க அவர்களுக்கு மனமில்லை. 1850-இல் அவர் வியன்னாவை விட்டுப் போனார். 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார்.

நல்ல கற்பிக்கும் மருத்துவமனையின் பெருமை அங்குள்ள இயந்திரங்களில் இல்லை. "ஏன் சார்?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர் எழுதும் சீட்டைக் கேள்வி கேட்பார் யார்? இங்கேயோ, பேராசிரியர் ஒரு மருந்தை எழுதினால், இருபது வயதுப் பிள்ளை ஒருவன் ஏன் இந்த மருந்து, ஏன் மற்றது இல்லை என்று கேட்பான். அவர் விடை சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அன்றிரவு அவரும் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். இதனால் நோயாளிக்கு வரும் நன்மை கொஞ்சநஞ்சமன்று.

இன்னொன்று, இரவு. பாம்பு கடித்த ஒருவரை நள்ளிரவில் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடித்தது எது என்று அவருக்கே தெரியாது. அப்போது ஓர் எளிய சோதனை செய்வார்கள். அவர் இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்திருந்தால் ஒருவிதம்; தண்ணீராகவே ஓடினால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்து நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுகிறது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லிவிடும். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டு விரியன் விரியன் இனமன்று. அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. இந்தச் சோதனையில் அது அகப்படாது. நல்ல பாம்பின் நஞ்சும் அவ்வாறே.) இந்தச் சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். வேண்டியது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் அருகிலேயே இருந்து, கண்ணிமை சரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்றும் கவனிக்கும் ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்தான். மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில் இரவு இரண்டு மணிக்கும் அப்படி ஒருவர் விழித்திருக்கிறார். 2022 ஜனவரியில் அரியலூர், இராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, விருதுநகர் உட்பட 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டதை நான் வரவேற்பது இதனால்தான். கல்லூரி வந்தால் மருத்துவர்கள் உருவாவது ஆறேழு ஆண்டுகள் கழித்து. ஆனால் விழித்திருக்கும் கண்களின் எண்ணிக்கை அதற்கு வெகு முன்பே கூடத் தொடங்கிவிடுகிறது.

சரி, பாம்பு கடித்தவர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார். பாடம் முடிந்ததா? அவரை ஏன் பாம்பு கடித்தது என்பதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது. இருட்டில் வரப்பில் வெறுங்காலோடு நடந்தாரா? வீட்டில் தரையில் படுத்து உறங்கினாரா? கட்டு விரியன் தரையில் உறங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கட்டிலும் கொசுவலையும் இருந்தால் அவர் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார். இதைக் கற்க மாணவன் வார்டை விட்டு வெளியேறி, அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இந்த உண்மையை மிக முன்னதாகவே உணர்ந்த இடம் வேலூர். இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து தம் வீட்டிலேயே சிறு மருந்தகம் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை கட்டினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் வளர்ந்து இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று. ஆனால் பள்ளி தொடங்குவதற்கு முன்பே, வாரந்தோறும் வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு கிராமச் சாலைகளில் போய், மரநிழலில் நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். பின்னாளில் மாணவியரும் உடன் போனார்கள். நோயாளி வரும் வழியைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வகுப்பு வேறு ஏது?

அதே வேலூரில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. 1946-இல் அங்கே ஆசிரியராக வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, முன்கையின் நல்ல தசை ஒன்றின் நாணை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். அது பெரிய சாதனை. ஆனால் விரல்கள் நிமிர்ந்த பிறகும் நாளடைவில் குட்டையாகிக்கொண்டே போயின. தொழுநோயில் சதை அழுகி விரல் உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் அதை நம்பவில்லை. கல்லூரி வளாகத்திலேயே நவ ஜீவ நிலையம் என்ற பெயரில் குடியிருப்பு ஒன்று அமைத்து, குணமானவர்களைத் தங்க வைத்து, தொழில் கற்றுக் கொடுத்து, அவர்கள் கையில் ஏற்படும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்ததால் ஒன்று. சுத்தியலை வேண்டியதற்கு மேல் இறுக்கிப் பிடித்ததால் ஒன்று. சில காயங்களுக்குக் காரணமே தெரியவில்லை. காலையில் எழுந்தால் விரலில் சதை காணாமல் போயிருக்கும். இரவில் விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எலிகள்! உணர்ச்சியற்ற விரலை எலி கடித்தாலும் உறங்குபவருக்குத் தெரிவதில்லை. அதன்பின் ஆளுக்கு ஒரு பூனை வளர்க்க ஏற்பாடாயிற்று.

ஆக, விரல் தானே உதிரவில்லை. வலி என்ற காவலாளி இல்லாத விரல் சிறுகச் சிறுகக் காயப்பட்டே அழிந்தது. கால்களுக்கும் இதுவே விதி. மரத்துப்போன பாதங்களுக்காக எம்.சி.ஆர். எனப்படும் மிருதுவான நுண்ணறை ரப்பர் செருப்புகள் இந்த ஆய்வுகளையொட்டித்தான் உருவாயின. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பின்னர் அவை பயன்பட்டன. அறுவை அறைக்குள்ளேயே நின்றிருந்தால் பிராண்டுக்கு எலி தெரிந்திருக்குமா?

மாணவர் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பதை அரசுக் குழுக்கள் சொல்லாமல் இல்லை. 1946-இல் போர் குழு சொன்னது. 1975-இல் ஸ்ரீவாஸ்தவா குழு மீண்டும் சொன்னது. 2022 முதல் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக்காலம் முழுவதும் அவர்கள் நலத்தைக் கவனித்துவர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் பேருந்தில் கும்பலாகப் போய், இரத்த அழுத்தம் பார்த்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் சடங்காக இது மாறிவிடுமோ என்று எனக்குக் கவலை உண்டு. வேலூர்க் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள், மருந்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையிலேயே, ஒரு கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் பேசிக் கணக்கெடுக்கிறார்கள். கொடுப்பதற்குக் கையில் மருந்து இல்லாதபோதுதான் கேட்பதற்குக் காது இருக்கும் என்று தோன்றுகிறது.

காது என்றதும் மொழி நினைவுக்கு வருகிறது. வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, மதமதப்பு. நகக்கண்ணில் சீழ் கோத்தவர் "விண்விண்ணென்று தெறிக்கிறது" என்பார். ஒருவரும் அவருக்கு அந்தச் சொல்லைக் கற்பிக்கவில்லை, வலியே கற்பித்தது. இவற்றையெல்லாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லாகக் கேஸ் சீட்டில் எழுதிவிட்டால், நோயாளி கொண்டு வந்த அறிவில் பாதியைக் குப்பையில் போட்டதாகும். மொழி அறியாத வெளிமாநில மாணவரைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் ஆர்வத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, வார்டுக்குள் வந்ததும் அதை மறந்துவிடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

வியன்னாவில் குளோரின் நீர் வைத்த அதே 1847-இல், சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்களை மாணவர்களாகச் சேர்த்து, மொத்தம் 60-க்கும் மேற்பட்டோரை மருத்துவர்களாக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், தாம் ஊர் ஊருக்கு மருத்துவர்களை உருவாக்க வேண்டுமானால் அது தமிழில்தான் ஆகும் என்று தெளிந்து, 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு முதலிய துறை நூல்களைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். மசாசூசெட்ஸில் பிறந்தவருக்கு இது தோன்றியிருக்கிறது!

இப்போதெல்லாம் உடற்கூறு வகுப்பு தொடங்குமுன், மேசையில் கிடக்கும் உடலுக்கு மரியாதை செய்து மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். தம் உடலைத் தானமாகத் தந்தவரை முதல் ஆசிரியர் என்று போற்றுகிறார்கள். மிக நல்ல வழக்கம். ஆனால் பின்னர் அவர்கள் வார்டுக்கு வரும்போது, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஆசிரியரிடம் "அம்மா, நாங்கள் படிக்கிற பிள்ளைகள், உங்கள் காலைப் பார்க்கலாமா?" என்று கேட்க எத்தனை பேருக்கு வாய் வருகிறது? "வேண்டாம்" என்று அவர் சொன்னால் சிகிச்சை குறையாது என்ற உறுதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

அத்தைக்கு வருகிறேன். வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்த அன்று மாலை, பயிற்சி மருத்துவரான ஒரு பெண் கட்டு மாற்ற வந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தவர், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன் பாட்டி, சாப்பிடலையா?" என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போயிற்று. நடுவில் அத்தை, "ஒரு வருசமா காலு மதமதன்னு இருக்கு தாயி. செருப்புக் கழண்டு விழுந்தாகூடத் தெரியறதில்ல. நாலு அடி போயித் திரும்பிப் பார்த்தா அது அங்க கிடக்கும்" என்றார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அதுவரை கேஸ் சீட்டில் அந்த வாக்கியம் இல்லை. பங்குனி வெயிலில் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து, தார்ச்சாலையில் பாதம் பொத்துப்போனதையும், இரண்டு நாள் கழித்து ஈரம் பட்டபோதுதான் அதைக் கண்டதையும் அத்தை சொன்னார். பிறகு அந்தப் பெண் நரம்பு மரத்துப்போவதைப் பற்றியும், இரவில் படுக்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பேராசிரியரிடம் அந்தப் பெண் ஏதோ கூறியிருக்கிறார். அவர் அத்தையின் பக்கம் திரும்பி, "செருப்பு விசயத்தை நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்று தமிழில் கேட்டாராம். அத்தை எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, இருபது பேருக்கும் சொன்னார். ஒரு பையன் மட்டும் சிரித்தானாம்; அவனை மட்டும் இரண்டு முறை கேட்க வைத்ததாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதன்பின் வீட்டுக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. ஊருக்குத் திரும்பும்போது எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். வீட்டிலும் தெருவிலும் அதைப் போட்டுக்கொண்டார். வயலுக்குள் இறங்கும்போது மட்டும் வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுவார். எவ்வளவு சொல்லியும் கடைசிவரை கேட்கவில்லை. அந்தப் பயிற்சி மருத்துவர் அவருடைய ஊருக்கு ஒருமுறை வந்து அந்த வரப்பைப் பார்த்திருந்தால் வேறு வழி ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ.